பதினோராம் வகுப்பில் சி++ முதலில் எதற்கு?

மேல்நிலைப் பள்ளிக் கணினி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்புக்கு 2018-லும் பன்னிரண்டாம் வகுப்புக்கு 2019-லும் புதிய கணினி அறிவியல் புத்தகங்கள் வந்தன. பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைதான். அதே பிள்ளைகள் பொறியியல் படிக்கப் போனபோது, அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில், சிவில் ஆனாலும் மெக்கானிக்கல் ஆனாலும் முதல் பருவத்தில் பைதான்தான் இருந்தது. கணினித் துறையில் சேர்ந்தவர்களுக்கு அதற்கடுத்த பருவத்தில் சி. பல்கலைக்கழகம் எளியதில் தொடங்கிக் கடினமானதற்கு ஏறியது. பள்ளிக்கூடமோ கடினமானதில் தொடங்கி எளியதற்கு இறங்கி வருகிறது.

இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் வேறு, வகுப்பில் நின்று எடுக்கிறவர்கள் வேறு என்பது தெரிந்ததுதான். ஆனாலும் மடல் உங்களுக்கே வருகிறது. முதல் லேப் வகுப்பில் ஒரு பிள்ளையின் முகம் எப்படி மாறுகிறது என்று நேரில் பார்க்கிறவர்கள் நீங்கள்தானே.

அந்த முதல் லேப் வகுப்பையே எடுத்துக்கொள்வோம். திரையில் 'வணக்கம்' என்று ஒரு சொல் வரவேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்கு சி++-இல் முதலில் ஹாஷ் குறி போட்டு ஐஓஸ்ட்ரீமைச் சேர்க்க வேண்டும். பிறகு 'யூசிங் நேம்ஸ்பேஸ்' என்று ஒரு வரி. பிறகு 'இன்ட் மெயின்', அடைப்புக்குறி, நெளிவு அடைப்புக்குறி. அதற்குள் 'சி அவுட்', அதன் பின்னால் இரண்டு சிறிதெனும் குறிகள், மேற்கோளுக்குள் சொல், அரைப்புள்ளி. கடைசியில் 'ரிட்டர்ன் 0'. இதில் எதற்கு எது என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால், "அதெல்லாம் பின்னாடி வரும், இப்போதைக்கு அப்படியே எழுதிக்கோங்க" என்பதுதான் பெரும்பாலும் பதில். வேறு வழியும் இல்லை. நேம்ஸ்பேஸ் என்றால் என்னவென்று முதல் நாள் விளக்கினால் இரண்டாம் நாள் வகுப்பில் பாதிப்பேர் இருக்க மாட்டார்கள். பைதானில் இதே வேலைக்கு ஒரே வரி. அந்த ஒரு வரியில் விளக்க முடியாதது எதுவும் இல்லை.

வரி எண்ணிக்கை பெரிய விஷயமில்லை, தட்டச்சு பழகிவிடும். 'அப்படியே எழுதிக்கோங்க' என்ற சொல்தான் பெரிய விஷயம். புரியாததை மனப்பாடம் செய்து ரெக்கார்டு நோட்டில் இறக்குவதுதான் புரோகிராமிங் என்று முதல் நாளே பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. பிறகு வைவாவில் எக்ஸ்டர்னல் வந்து ஒரு வரியை மாற்றிப் போட்டு என்ன அவுட்புட் வரும் என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறது. அதற்குப் பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்?

அடுத்தது எரர். 'சி அவுட்'டுக்குப் பின்னால் போட வேண்டிய குறியைத் திருப்பிப் போடாத மாணவர் உண்டா? ஒரு குறி திரும்பியதற்கு ஜி++ கம்பைலர் பக்கம் பக்கமாகத் திட்டுகிறது. எந்தெந்தத் தரவினத்தோடு எதை எதைப் பொருத்திப் பார்த்துத் தோற்றது என்று அத்தனையையும் அடுக்கி வைக்கிறது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கே அதில் தலையும் புரியாது காலும் புரியாது. அரைப்புள்ளியை ஆறாவது வரியில் விட்டிருந்தால் பழைய கம்பைலர்கள் ஏழாவது வரியைக் காட்டும். பிள்ளை ஏழாவது வரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்.

2021 அக்டோபரில் வந்த பைதான் 3.10-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடைப்புக்குறியை மூடாமல் விட்டால், மூடாத அந்தக் குறியையே சுட்டிக்காட்டி 'இது மூடப்படவேயில்லை' என்கிறது. 'பிரின்ட்' என்பதில் எழுத்து மாறிவிட்டால் 'பிரின்ட் என்று சொல்ல வந்தீர்களா?' என்று கேட்கிறது. முப்பது பேர் இருக்கும் லேபில் ஒரே ஒரு ஆசிரியர் என்பதால், பாதிக் கேள்விகளுக்குக் கம்ப்யூட்டரே பதில் சொல்லிவிட்டால் மீதியை நீங்கள் கவனிக்கலாம். ஒரு சங்கடம் உண்டு. விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினிகளில் பைதான் 3.8-க்கு மேல் ஏறாது, ஆகையால் அங்கே இந்த வசதி கிடைக்காது.

இப்போது ஒரு கணக்கு. காரணீயப் பெருக்கம் கண்டுபிடிக்கும் புரோகிராம் இல்லாத ரெக்கார்டு நோட்டு தமிழ்நாட்டில் கிடையாது. டர்போ சி++ என்ற அந்த நீலத் திரையில், பல கல்லூரி லேப்களில் இன்னும் உயிரோடிருக்கும் அதே நீலத் திரையில், வழக்கம்போல 'இன்ட்' என்று அறிவித்து 7-ஐக் கொடுத்தால் 5040 என்று சரியாக வரும். 8-ஐக் கொடுத்தால் 40320 வரவேண்டும். வருவதோ -25216. அங்கே ஒரு முழு எண்ணுக்கு 16 பிட்தான் இடம், 32767-ஐத் தாண்டினால் எண் சுற்றிக்கொண்டு குறைப்பக்கம் போய்விடும். சரி, டர்போவை விட்டுவிட்டு டெவ் சி++-க்கு வந்தால்? முழு எண்ணுக்கு 32 பிட், அதனால் 12 வரை தாங்குகிறது. 13-ஐக் கொடுத்தால் 6227020800-க்குப் பதில் 1932053504 என்று காட்டும். இது இன்னும் மோசம். குறைக்குறி இருந்தாலாவது சந்தேகம் வரும், இது பார்ப்பதற்குச் சரியான விடை மாதிரியே இருக்கிறது.

பைதானில் 13 சரியாக வரும், 100 கொடுத்தாலும் 158 இலக்கமும் பிசகாமல் வரும். முழு எண்ணுக்கு வரம்பு வைக்காமல் தேவைக்கேற்ப இடம் எடுத்துக்கொள்ளும்படி அதை அமைத்திருக்கிறார்கள். பிட், நினைவகம், எண் வழிவது எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியவைதான், யாரும் மறுக்கவில்லை. மடக்கு என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் கற்றுக்கொள்ளும் பிள்ளை, தன் மடக்கு தவறா, கம்ப்யூட்டரின் எண் சிறியதா என்று பிரித்தறிய முடியாமல் தவிக்கக் கூடாது என்பதுதான் வழக்கு. ஒரு நேரத்தில் ஒரு கஷ்டம் போதும்.

"கஷ்டமானதை முதலில் படித்துவிட்டால் மற்றதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு" என்று உங்களில் பலர் சொல்வீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதை ஒரு நாடே சோதித்துப் பார்த்துவிட்டது. அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் எழுதும் ஏபி கணினி அறிவியல் தேர்வு 1984-இல் பாஸ்கல் மொழியில் தொடங்கியது. பாஸ்கல் என்பது சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் விர்த் 1970-இல் மாணவர்களை மனத்தில் வைத்தே உருவாக்கிய மொழி. 1999 தேர்விலிருந்து அதை எடுத்துவிட்டு சி++-ஐக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர்களுக்கே அச்சம் இருந்திருக்கிறது. சி++-இன் அணிகளும் சரங்களும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆபத்தானவை என்று 'ஏபிஸ்ட்ரிங்', 'ஏபிவெக்டர்' என்று பாதுகாப்பான மாற்று இனக்குழுக்களைத் தாங்களே எழுதிக் கொடுத்தார்கள். ஐந்தே ஆண்டு. 2004 தேர்வுக்கு ஜாவா வந்துவிட்டது. அவர்கள் ஐந்து ஆண்டில் கைவிட்டதை நம் பள்ளிகள் அதைவிட நெடுங்காலமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

ஜாவாவும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பவில்லை. 'பப்ளிக் ஸ்டேடிக் வாய்ட் மெயின்' என்ற மந்திரம் இல்லாமல் அதில் ஒரு சொல்லைக்கூட அச்சிட முடியாது என்ற நிலை பிறந்தது முதல் இருந்தது. அதை உருவாக்குகிறவர்களே இறங்கி வந்து 2023-இல் ஜாவா 21-இல் சோதனையாகவும், 2025 செப்டம்பரில் ஜாவா 25-இல் நிரந்தரமாகவும் அந்தச் சடங்கைத் தளர்த்திவிட்டார்கள். புதிதாகக் கற்பவர்களுக்காகத்தான் இந்த மாற்றம் என்பதை அவர்கள் மறைக்கவும் இல்லை.

சி++-இன் மீது இதில் தவறு ஏதுமில்லை. பியான் ஸ்ட்ரௌஸ்ட்ரப் 1979-இல் பெல் ஆய்வகத்தில் அதைத் தொடங்கியபோது அவர் கண்முன் இருந்தது பெரிய, வேகமான அமைப்பு மென்பொருள்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு முதல் பாடம் எடுக்கவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

அப்படி நினைத்தவர்கள் வேறு. 1964 மே 1, விடியற்காலை 4 மணிக்கு அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பேசிக் மொழியின் முதல் நிரல் ஓடியது. உருவாக்கிய ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் கணிதப் பேராசிரியர்கள். அவர்கள் கல்லூரியில் பெரும்பாலோர் அறிவியல் பிரிவைச் சேராதவர்கள், அவர்களும் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பழக வேண்டும் என்பதே நோக்கம். 1980-களில் வீட்டுக் கணினிகள் வந்தபோது சுவிட்சைப் போட்டதும் திரையில் காத்திருந்தது பெரும்பாலும் பேசிக்தான். இந்திய அரசு 1984-85-இல் 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்குக் கொடுத்த பிபிசி மைக்ரோவிலும் அதுவே. உங்களில் மூத்தவர்கள் சிலர் 10, 20, 30 என்று வரி எண் போட்டு எழுதத் தொடங்கியவர்களாகவே இருப்பீர்கள்.

பேசிக்குக்கு எதிரிகளும் உண்டு. டச்சு அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1975-இல், பேசிக் படித்து வந்தவர்களுக்கு நல்ல நிரலாக்கம் கற்றுக்கொடுக்கவே முடியாது என்ற பொருளில் கடுமையாக எழுதினார். அவர் சொன்னது மிகை. ஆனால் அதில் ஒரு நியாயமும் உண்டு, அதை இந்த மடலின் கட்சிக்காரர்கள் மறைக்கக் கூடாது. நினைத்த வரிக்குத் தாவ விடும் 'கோடூ' பேசிக்கில் எளிதாகக் கிடைத்தது. கிடைத்ததை எல்லாரும் எடுத்தாண்டார்கள். நிரல் நூல்கண்டு சிக்கியதுபோல ஆனது. எளிமையாக இருந்தால் மட்டும் போதாது, அந்த எளிமை கெட்ட பழக்கத்தைக் கற்றுத்தராமலும் இருக்க வேண்டும்.

இந்த இரண்டாவது சோதனையில் பைதான் தேறுகிறது, அது தற்செயலும் இல்லை. ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனத்தில், புரோகிராமர் அல்லாதவர்களும் தொடக்க நிலையினரும் பயன்படுத்த 'ஏபிசி' என்று ஒரு மொழி உருவானது. அந்தக் குழுவில் வேலை பார்த்த கீடோ வான் ராசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் தொடங்கியதுதான் பைதான். வரியை உள்தள்ளி எழுதினால் அதுவே தொகுதி, நெளிவு அடைப்புக்குறி வேண்டாம் என்ற விதி ஏபிசி வழி வந்தது. சி++-இல் உள்தள்ளாமல் இடப்பக்கம் ஒட்ட எழுதினாலும் ஓடும், திருத்துகிற உங்களுக்குத்தான் கண் போகும். பைதானில் ஒழுங்காக எழுதினால்தான் ஓடும்.

ஆய்வு எதுவும் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக், சூசன்னா சீபர்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2013-இல் ஒரு வேடிக்கையான ஒப்பீட்டை வெளியிட்டார்கள். எழுத்துகளையும் குறிகளையும் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிப்போட்டு 'ரேண்டமோ' என்று ஒரு போலி மொழியை உண்டாக்கி, அதையும் உண்மையான மொழிகளையும் புதியவர்களிடம் கொடுத்தார்கள். சி மொழியின் சாயலில் எழுதப்படும் ஜாவாவையும் பெர்லையும் எடுத்தவர்கள், ரேண்டமோ எடுத்தவர்களைவிடக் குறிப்பிடும்படி சரியாக எழுதவில்லை. பைதான், ரூபி, குவோரம் எடுத்தவர்கள் மேலாக எழுதினார்கள். குவோரம் ஸ்டெஃபிக்கே உருவாக்கிய மொழி, ஆகவே அதன் மதிப்பெண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தே பார்க்கலாம். இந்த ஒப்பீட்டில் சி++-ஐ அவர்கள் சோதிக்கவில்லை. ஆனால் அதன் நெளிவு அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும் எந்தக் குடும்பம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பைதானில் பள்ளமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். முதல் வாரத்திலேயே விழுகிற பள்ளம் 'இன்புட்'. இரண்டு எண்களை வாங்கிக் கூட்டச் சொல்லிப் பிள்ளை 5, 5 என்று கொடுக்கும், விடை 55 என்று வரும். வாங்கியது எண்ணாக இல்லாமல் எழுத்துச் சரமாக இருக்கிறது என்பதை அங்கேயே நிறுத்தி விளக்கிவிட வேண்டும். டேபும் ஸ்பேஸும் கலந்து உள்தள்ளினால் வரும் எரர் இன்னொன்று, கண்ணுக்கே தெரியாது. மாறியின் தரவினத்தை அறிவிக்க வேண்டாம் என்பது சுகம்தான், ஆனால் தரவினம் என்று ஒன்று இருப்பதே பிள்ளைக்கு மறந்துபோகிற சுகம்.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற ஒரு சிக்கலும் உண்டு. மாலைமாற்றுச் சொல்லைக் கண்டுபிடிக்கும் நிரலை எல்லா வகுப்பிலும் எழுத வைக்கிறோம். ஆங்கிலத்தில் 'மேடம்' என்று கொடுத்தால் சரி என்கிறது. ஊரறிந்த 'விகடகவி'யைக் கொடுங்கள், மாலைமாற்று இல்லை என்று பைதான் சாதிக்கும். நீளம் கேட்டால் ஐந்து எழுத்துச் சொல்லுக்கு 7 என்று சொல்லும். யூனிகோடில் 'வி' என்பது வகர உயிர்மெய்யும் இகரக் குறியும் என இரண்டு குறியீடுகள். சொல்லைத் திருப்பும்போது இகரக் குறி முன்னால் வந்து நிற்கிறது, வகரம் தனியாகப் பின்தங்குகிறது. சி++-இன் சரத்தில் யூடிஎஃப்-8 முறையில் நீளம் கேட்டாலோ 21 என்று வரும், பைட் கணக்கு. 'ஓப்பன் தமிழ்' என்ற இலவசப் பைதான் நூலகம் எழுத்தெழுத்தாகப் பிரித்து ஐந்தையும் சரியாகக் கொடுக்கிறது, அதைக் கொண்டு விகடகவிக்கு நியாயம் வழங்கலாம். கம்ப்யூட்டருக்கு எழுத்து என்றால் என்ன என்று பாடம் எடுக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பைதான் 3-இல் மாறிக்கே தமிழில் பெயர் வைக்கலாம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஆங்கிலமே தடையாக இருக்கும் பிள்ளைகளுக்கு? உங்கள் பதினோராம் வகுப்புப் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில், பெரும்பாலும் தேர்வுக்கு முந்தின வாரம் ஓட்டமாக ஓட்டிவிடும் 'தமிழ்க் கணிமை'ப் பாடத்தில், 'எழில்' என்ற பெயர் இருக்கிறது. முத்து அண்ணாமலை பைதானின் மேல் கட்டிய தமிழ் நிரல்மொழி. அதில் தேர்ச்சி பார்க்கும் நிரல் இப்படி இருக்கும்:

மதிப்பெண் = 42
@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மறுபடி முயற்சி செய்"
முடி

நிபந்தனை முன்னால், 'ஆனால்' பின்னால், நாம் பேசுகிற வரிசையிலேயே. முதல் இரண்டு வாரம் நிபந்தனையும் மடக்கும் என்னவென்று காட்ட இது நன்றாக உதவும். ஆண்டு முழுக்க இதிலேயே இருக்கச் சொல்ல முடியாது, புத்தகமும் உதாரணங்களும் உதவிக்கு ஆளும் பைதானுக்கு இருக்கிற அளவுக்கு எழிலுக்கு இல்லை. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் என்றால் கேள்வியே இல்லை: எம்ஐடியில் மிட்செல் ரெஸ்னிக் குழு 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் போதும்.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். பதினொன்றில் படிக்கிற பிள்ளை வேலைக்குப் போக ஆறு ஆண்டு ஆகும். ஐபோனுக்கான ஸ்விஃப்ட் 2014-இல் வந்தது, ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின் 2017-இல் அதிகாரபூர்வமானது. இன்று அவற்றில் பிழைக்கிறவர்கள் பலர் பள்ளியில் படித்தபோது அந்த மொழிகளே இல்லை.

இனி என்ன செய்யலாம்? புத்தகம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பதினோராம் வகுப்பு முதல் தொகுதியில் நெறிமுறை பற்றிய பாடங்கள் வருகின்றன, ஓநாய், ஆடு, புல்கட்டோடு ஆற்றைக் கடக்கிற விவசாயி வருகிற பாடங்கள். அங்கே மொழி எதுவும் இல்லை, தாளில்தான் நெறிமுறை. அவற்றைத் தாளில் எழுதி முடித்த கையோடு லேபில் பைதானில் ஓட்டிக் காட்டிவிடுங்கள். எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான 'தோனி' என்ற இலவச எடிட்டரைப் போட்டால், ஒவ்வொரு வரியாக நிறுத்தி மாறியின் மதிப்பு மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். பெயரைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். பிறகு சி++ பகுதிக்குப் போகும்போது மடக்கும் செயற்கூறும் தெரிந்தவர்களாகப் போவார்கள், எழுத்துமுறை மட்டுமே புதிதாக இருக்கும். 2025-26 முதல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வும் இல்லை, மூச்சு விட இடம் இருக்கிறது.

இன்னொன்று உங்களால் மட்டுமே முடியும். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் முதல் பாடங்கள் 'லெட் ரெக்' என்று பைதானும் இல்லாத, சி++-உம் இல்லாத ஒரு எழுத்துமுறையில் தொடங்குகின்றன. பின்பகுதியில் சி++ நிரலைப் பைதானுக்குள்ளிருந்து ஓட்டுவதற்கென்றே ஒரு முழுப் பாடம் இருக்கிறது. எந்த வேலைக்கு இது வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை, வினாவிடை வங்கியைப் புரட்டி மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறது. அடுத்த முறை பாடநூல் திருத்தத்துக்குக் கருத்துக் கேட்டு உங்கள் பள்ளிக்குக் கடிதம் வரும்போது மூன்று வரி எழுதி அனுப்புங்கள்: பதினொன்றில் பைதான் வேண்டும், சி++ பன்னிரண்டில் விரும்பினால் போதும், சி++-ஐப் பைதானுக்குள் ஓட்டும் அந்தப் பாடத்தை எடுத்துவிடுங்கள்.